கூரைச் சத்தமும் தூங்காத பதினோரு இரவும்: ஐந்தாவது கடிதம்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் பயணக் கப்பலில் எங்கள் அறைக் கூரை போட்ட சத்தத்துக்காக நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முதல் நான்குக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்" என்று ஒரே பதில்தான் வந்தது. கூடவே அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி. அடுத்த பயணமா? இந்தப் பயணத்தில் விட்ட தூக்கமே இன்னும் பாக்கி இருக்கிறது.

ஏப்ரலில் மயாமியிலிருந்து பார்சிலோனாவுக்குப் போன உங்கள் கப்பலில் நானும் என் மனைவியும் வந்தோம். 9-ம் தளம், முன்பக்கம், பால்கனி அறை. சீசன் முடிந்து கரீபியனிலிருந்து மத்தியதரைக் கடலுக்கு மாறும் கப்பல், அதனால்தான் கட்டணம் குறைவு என்று சமாதானம் சொல்லாதீர்கள். நீங்கள் கேட்ட தொகையில் ஒரு காசு குறைக்காமல் கட்டியிருக்கிறேன்.

இரண்டாம் இரவே கட்டிலுக்கு நேர் மேலே கூரைப் பலகை கத்தத் தொடங்கியது. கப்பல் சாய்ந்தால் 'கிரீச்', நிமிர்ந்தால் 'டக்'. தூக்கம் வராமல் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். சுமார் பதினெட்டு நொடிக்கு ஒரு தரம். எந்தப் பலகை, எந்த இடுக்கு என்று நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் கப்பல், உங்களுக்கே தெரியும்.

5-ம் தளத்து உதவிக் கவுன்ட்டருக்குப் போன் செய்தேன். இருபத்தைந்து நிமிடம் பாட்டு ஓடியது. பொறுக்க முடியாமல் விடியற்காலை மூன்று மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு அங்கேயே இறங்கினேன். கவுன்ட்டரில் இருந்த இளைஞர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "இது கப்பல் சார், கட்டடம் இல்லை. ஆடினால் சத்தம் வரத்தான் செய்யும்" என்றார். பிறகு ஆரஞ்சு நிறக் காதடைப்பான் இரண்டைப் பேனா முனையால் என் பக்கம் தள்ளினார். கையால் எடுத்துக் கொடுக்கவில்லை, பேனாவால் தள்ளினார்! அந்தப் புகார் அப்போதே 'முடிந்தது' என்று மூடப்பட்டிருக்கிறது.

மறுநாள் வேறொருவர் மரியாதையாகப் பேசினார், மறுப்பதற்கில்லை. நான்காம் நாள் 12 மணிக்கும் 1 மணிக்கும் நடுவில் டெக்னீஷியன் வருவார் என்று எழுதியும் கொடுத்தார். சாப்பிடக்கூடப் போகாமல் அறையிலேயே காத்திருந்தோம். சரியாக 12 மணிக்குக் கேப்டன் ஒலிபெருக்கியில் வந்து, கப்பல் எங்கே இருக்கிறது, அடியில் எத்தனை ஆயிரம் மீட்டர் ஆழம் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "இப்போது உங்கள் கடிகாரங்களை 1 மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார். கிழக்கே போகும் கப்பலில் இது வழக்கம். மயாமிக்கும் பார்சிலோனாவுக்கும் ஆறு மணி நேர வித்தியாசம் இருக்கிறது, அதை வழியிலேயே ஒவ்வொரு மணி நேரமாகச் சரிக்கட்ட வேண்டும். எனக்குப் புரிகிறது. ஆனால் எனக்குக் கொடுத்த நேரம் அன்றைக்கு உங்கள் கப்பலில் இல்லவே இல்லை! மாலையில் போய்க் கேட்டால், குறித்த நேரம் கடந்துவிட்டதால் அந்தப் புகாரும் மூடப்பட்டுவிட்டதாம்.

அந்தப் பேனாவை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், என்னை யாரும் அப்படி நடத்தியதில்லை. அவருடைய மேலதிகாரியைக் கேட்டேன், கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். நடுக்கடலில் விடியற்காலை மூன்று மணிக்கு என்ன கூட்டம்?

ஏழு நாள் தண்ணீரைத் தவிர எதையும் பார்க்காமல், ஒன்பதாம் நாள் அட்லாண்டிக் நடுவில் இருக்கும் அசோர்ஸ் தீவுகளில் பொன்டா டெல்கடா துறைமுகத்தில் கட்டினோம். எல்லோரும் இறங்கினார்கள். அன்றைக்குப் பார்த்து உங்கள் டெக்னீஷியன் வந்தார். ஏணி போட்டு ஏறி, பலகையில் காதை வைத்துக் கேட்டு, "சத்தமே இல்லையே சார்" என்றார். கட்டிப்போட்ட கப்பல் எப்படி ஆடும்? ஆடாத கப்பலில் எப்படிச் சத்தம் வரும்? மூன்றாவது புகாரும் மூடப்பட்டது. மாலையில் கப்பல் கிளம்பியது, அரை மணி நேரத்தில் சத்தமும் கிளம்பியது.

என் மனைவி நான்கு இரவு மேல்தளத்துச் சாய்வு நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு தூங்கினாள். அவளுக்கு வந்த சளி இன்னும் விடவில்லை. எங்கள் உடம்பும், பத்து வருடச் சேமிப்பும், இனி வாழ்நாளில் ஒரு பயணம் போகும் ஆசையும் அந்த அட்லாண்டிக்கிலேயே போய்விட்டன.

அப்புறம், ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று தானாகவே ஏறும் சேவைக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. எங்கள் அறை உதவியாளருக்கும் அதில் பங்கு உண்டு என்று தெரியும். ஆறாம் நாள் அவர் ஒரு அட்டையை நான்காக மடித்து அந்த இடுக்கில் செருகினார். அன்றிரவு மட்டும் இரண்டு மணி நேரம் அசந்து தூங்கினேன். உங்கள் நிறுவனத்தில் உருப்படியாக ஏதாவது செய்தவர் அவர் ஒருவர்தான், தயவுசெய்து அவர் மேல் பாயாதீர்கள்.

பதினோரு இரவுக்கான அறைக் கட்டணத்தைப் பணமாகத் திருப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கூப்பன் வேண்டாம். பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் கிரெடிட் கார்டு வங்கியில் தகராறு மனு போடுவேன், அப்புறம் நுகர்வோர் நீதிமன்றம். வழக்கை எந்த ஊரில் போட வேண்டும் என்று டிக்கெட் ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்களே, அதையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தூக்கம் வராதவனுக்குப் படிக்க நேரம் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
9-ம் தளத்துப் பயணி

இணைப்பு: 12 மணிக்கும் 1 மணிக்கும் நடுவில் வருவதாக எழுதித் தந்த சீட்டின் நகல். மடித்த அட்டை என்னிடம்தான் இருக்கிறது, கேட்டால் நேரில் காட்டுகிறேன்.