வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள குழந்தைகளுக்கு மனநல மருந்து கொடுப்பதற்கான ஒப்புதல் விதிகளை வகுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
வளர்ப்புப் பராமரிப்பில் ஒரு குழந்தையை ஏற்றிருக்கும் தாய்
(இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு குழந்தையின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிப்பதால், பெயரும் முகவரியும் தனி உறையில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர், வணக்கம்.

பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்து ஓராண்டுக்கு மேலாகிறது. வந்த அன்று அவளுடைய துணிப்பையில் இரண்டு பாவாடை சட்டை, ஒரு கணக்கு நோட்டு, ரப்பர் வளையம் போட்ட இரண்டு மாத்திரை அட்டைகள் இருந்தன. ஒன்று ரிஸ்பெரிடோன் என்ற மனநல மருந்து, மற்றொன்று வலிப்புக்கும் மனநிலையைச் சீராக்கவும் தரப்படும் சோடியம் வால்ப்ரோயேட். அட்டையின் பின்புறம் 'இரவு 1' என்று பேனாவால் எழுதியிருந்தது. எந்த நோய்க்கு, எத்தனை மாதமாக, யாருடைய ஒப்புதலின் பேரில் கொடுக்கப்படுகிறது என்று சொல்லும் தாள் ஒன்றுகூட உடன் வரவில்லை. அவள் முன்பு இருந்த குழந்தைகள் இல்லத்தில் கேட்டதற்கு, "ராத்திரியில கத்துவா, அதுக்குத்தான்" என்றார்கள்.

முதல் வாரத்திலேயே அவள் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்துக் கொல்லையில் துப்புவதைப் பார்த்தேன். கடிந்துகொள்ளாமல் கேட்டபோது, "இது எதுக்குன்னு சொல்லுங்கம்மா, சாப்பிடுறேன்" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆறு மாதத்தில் அவளுடைய சீருடையின் பக்கத் தையலை இருமுறை பிரித்துவிட வேண்டியிருந்தது. ரிஸ்பெரிடோன் எடையைக் கூட்டக்கூடும் என்பதும், எடையையும் ரத்தச் சர்க்கரையையும் கொழுப்பையும் இடையிடையே பார்க்க வேண்டும் என்பதும் பிறகு வேறொரு மருத்துவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த மருத்துவரிடம் சென்றபோது 'பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம்' என்ற கோட்டுக்கு மேல் பேனாவைப் பிடித்தபடி நின்றேன். குழந்தையின் உடல்நலத்துக்கு வளர்ப்புக் குடும்பமே பொறுப்பு என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 44-ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் மூளையின் வேலையையே மாற்றும் ஒரு மருந்துக்கு ஒப்புதல் தரும் உரிமை எனக்கா, குழுவுக்கா, உயிரோடு இருக்கும் அவளுடைய தாய்க்கா என்று எனக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை. குழு மூலம் தாயிடம் பேசிய பிறகுதான், குடிசை எரிந்த இரவுக்குப் பின் அந்த அலறல் தொடங்கியது என்று தெரிந்தது. அதுவரை அவரை யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்ட மருத்துவர் ஒரு மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தி, வாரந்தோறும் ஆற்றுப்படுத்துதலுக்கு ஏற்பாடு செய்தார். மற்ற மருந்து தொடர்கிறது. அதனால் அவளுக்கு நன்மையும் இருக்கிறது. ஆகவே மருந்தே கூடாது என்பதல்ல என் கோரிக்கை.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, ஒரு குழந்தையை மனநல மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ப்பதற்கு 87-ஆம் பிரிவில் கடுமையான காப்புகளை வைத்திருக்கிறது: இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், நியமனப் பிரதிநிதியின் (பொதுவாகச் சிறாரின் சட்டப் பாதுகாவலரின்) விவரமறிந்த ஒப்புதல் வேண்டும், 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதே குழந்தை புறநோயாளியாக ஒரு சீட்டுடன் திரும்பி, ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கும்போது இப்படிப் படிப்படியான காப்பு எதுவும் இல்லை. பராமரிப்புக்காகவோ சிகிச்சைக்காகவோ அரசு ஓரிடத்தில் வைத்திருக்கும் குழந்தைக்கு அளிக்கப்படும் சிகிச்சை அவ்வப்போது மறுஆய்வு செய்யப்பட வேண்டும் என்று, இந்தியா 1992-இல் ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 25-ஆவது பிரிவு கூறுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு நீதிமன்றப் பொறுப்பில் உள்ள குழந்தைக்கு மனநல மருந்தைக் கொடுக்கச் சிறார் நீதிமன்றத்தின் அனுமதி தேவை. அந்த அனுமதியும் அதிகபட்சம் 180 நாளுக்குத்தான் செல்லும்.

ஆகவே, மனநல மருந்து தொடங்கும் முன்பும் அளவைக் கூட்டும் முன்பும் குழந்தைகள் நலக் குழுவின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைக் கட்டாயமாக்கி, தொடர்புகொள்ள முடிந்த பெற்றோரையும் வளர்ப்புக் குடும்பத்தையும் கேட்ட பிறகே அதை வழங்கும்படி விதி வகுக்க வேண்டுகிறேன். இல்லக் கண்காணிப்பாளரின் கையொப்பம் மட்டும் ஒருபோதும் போதுமானதாகக் கருதப்படக் கூடாது. மருந்து எதற்கு, என்ன பக்கவிளைவு வரலாம், வேறு வழி என்ன என்பதைக் குழந்தைக்குப் புரியும் தமிழில் சொல்லி, அவள் சொல்வதையும் பதிவு செய்ய வேண்டும். ஒப்புதல் 180 நாளில் காலாவதியாக வேண்டும். அவசர நிலையில் மருத்துவர் உடனே மருந்து கொடுக்கலாம். ஆனால் 72 மணி நேரத்துக்குள் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒப்புதல் தாமதமாகிறது என்பதற்காக, ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மருந்தைத் திடீரென நிறுத்திவிடக் கூடாது என்பதையும் விதியிலேயே எழுத வேண்டும். அப்படி நிறுத்துவது ஆபத்தானது.

விதி வரும்வரை, இல்லத்திலிருந்து வீட்டுக்கோ வேறு இல்லத்துக்கோ மாற்றப்படும் ஒவ்வொரு குழந்தையுடனும் அதன் மருந்துக் குறிப்பேட்டையும் சேர்த்து அனுப்பும்படி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளுக்கு இப்போதே ஒரு சுற்றறிக்கை அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள
மனுதாரர்