டேலிலி ஐந்தடியும் வளரும், பனியையும் தாங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் உங்கள் தோட்டப் பக்கத்தில், ஒரு பூ ஒரு நாள் மட்டும் நிற்கும் டேலிலிச் செடி பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். ஒரு தமிழ்ப் பத்திரிகை இந்தப் பூவுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதே எனக்குப் பெரிய சந்தோசம். ஆனால் உயரமான டேலிலிகள் கனடாக் குளிருக்குச் சரிவராது, முழங்கால் உயர ரகங்களை மட்டும் வாங்குங்கள் என்று அதில் எழுதியிருந்தீர்கள். அது சரியல்ல. ஸ்காபரோவில் என் பின்வளவில் பதினெட்டு வருடமாக இந்தச் செடியைக் கையால் மகரந்தம் சேர்த்து வளர்த்துவருகிறேன். இன்று காலை அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். வேலிக்கரைப் பாத்தியில் நிற்பது மண்ணிலிருந்து பூக்காம்பின் நுனி வரை 64 அங்குலம். என் தலைக்கு மேலே பூத்து நிற்கிறது. அதற்கு ஒரு குளிர்காலத்திலும் வைக்கோலோ சாக்கோ போட்டு மூடியதில்லை.

கட்டுரையில் பரிந்துரைத்த 'ஸ்டெல்லா டி ஓரோ' நல்ல செடிதான். 1975இல் பதிவானது, பதினொரு அங்குலம் வளரும், கோடை முழுக்க விட்டுவிட்டுப் பூக்கும். பிளாசா வாகனத் தரிப்பிடங்களில் எல்லாம் அதுதான் நிற்கிறது. ஆனால் அது ஒன்றுதான் இந்த நாட்டுக்கு உரியது என்று நம் ஆட்கள் நினைத்துவிடக் கூடாது. உயரமும் குளிர் தாங்கும் குணமும் இந்தச் செடியின் பரம்பரையிலேயே சேர்ந்து இருப்பவை. டேலிலியின் காட்டு இனங்கள் சீனா, கொரியா, யப்பான், கிழக்குச் சைபீரியா வரை பரவியவை. சைபீரியாவில் பிறந்த இனத்துக்கு ரொறன்ரோ குளிர் ஒரு குளிரா?

அப்படியானால் கடையில் வாங்கும் செடிகள் ஏன் செத்துப்போகின்றன என்று கேட்பீர்கள். எனக்கும் அது நடந்தது. தெற்கே வெப்பமான மாநிலம் ஒன்றிலுள்ள பண்ணையின் விலைப்பட்டியலைப் பார்த்து, இளஞ்சிவப்பில் ஓரம் சுருங்கிய பெரிய பூ பூக்கும் செடிகள் நான்கு வாங்கினேன். ஒன்று 80 டொலர். கணவரிடம் விலையைப் பாதியாகக் குறைத்துத்தான் சொன்னேன். முதல் குளிர்காலம் முடிந்து ஏப்பிரலில் போய்ப் பார்த்தால், நான்கில் மூன்றின் குருத்து கையோடு வந்தது. அழுகிய வெங்காயம் போல மணம். நாலாவது செடி இரண்டு வருடம் இழுத்துக்கொண்டிருந்து போனது.

அந்தச் செடிகள் எப்போதும் பசுமையாக இருக்கும் வகை. பிறந்த இடத்தில் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் அவற்றுக்கு உறங்கத் தெரியாது. மார்ச் மாதத்தில் இரண்டு நாள் வெயில் எறித்தால் இலை விடத் தொடங்கும், மூன்றாம் நாள் உறைபனி வந்து அந்தக் குருத்தை வேகவைத்துவிடும். இன்னொரு வகை, ஒக்ரோபரில் இலை முழுவதையும் மஞ்சளாக்கி விட்டுவிட்டு, மண்ணுக்குக் கீழே கூரான மொட்டாக ஒடுங்கிவிடும். இளவேனில் உறுதியாக வரும்வரை அது அசையாது. பச்சையாக நிற்கும் வகையிலும் சில இங்கே தாங்குகின்றன என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் புதிதாக வாங்குகிறவர் உறங்கும் வகையா என்று கேட்டு வாங்குவதே நல்லது. உறங்கும் செடிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதன்முதலில் கண்ட டேலிலித் துரு நோய், பச்சை இலையில்தான் பிழைத்திருக்கும். இங்கே குளிர்காலத்தில் இலை அடியோடு பட்டுப்போவதால் நோயும் அதோடு போய்விடுகிறது.

நான் தொடங்கிய கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதே பிழையைப் பலரும் செய்கிறார்கள். யூலையில் ஒன்ராறியோவின் நாட்டுப்புற வீதிகளில் போனால் வாய்க்கால் ஓரம் முழுக்கச் செம்மஞ்சள் பூ நிற்குமே, அதில் ஒரு கொத்தை ஒரு நண்பரின் காணியிலிருந்து கொண்டுவந்து வைத்தேன். மூன்று கோடை அதன் பூவில் மகரந்தம் தடவினேன். ஒரு காய் பிடிக்கவில்லை. ஊரில் அம்மா விடியற்காலையில் பூசணியின் ஆண்பூவைப் பிடுங்கிப் பெண்பூவில் தொட்டுவிடுவார். அவர் தொட்ட பூ காய்க்காமல் விட்டதில்லை. அவர் மகளின் கை இப்படி இருக்கிறதே என்று கவலைப்பட்டேன். பிறகு ஒரு டேலிலிச் சங்கக் கூட்டத்தில்தான் காரணம் தெரிந்தது. பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் குரோமோசோம் என்ற இழைகள் சாதாரண டேலிலிக்கு 22, இந்த வாய்க்கால் பூவுக்கு 33. மூன்று பங்கை இரண்டாகப் பிரிக்க முடியாதல்லவா, அதனால் அது விதையில்லாமல் வேர் ஓடித்தான் பரவுகிறது. அழகான செடி, ஆனால் தாயாக வைக்க உதவாது.

அதே கூட்டத்தில்தான் ஆர்லோ ஸ்டவுட் என்பவரின் பெயரை முதன்முதலில் கேட்டேன். நியூயோர்க் தாவரவியல் பூங்காவில் பல்லாண்டு டேலிலியோடு இருந்தவர். சீனாவிலிருந்து காட்டு இனங்களை வரவழைத்துக் கலந்தவர். முதல் சிவப்பு டேலிலியான 'தெரோன்' 1934இல் அவர் தந்தது. அவர் கைக்கு வந்தவற்றில் நாஞ்சிங் மலைப்பக்கத்து இனம் ஒன்று ஆறடி வரை போகக்கூடியது. அதற்கு அல்டிசிமா என்று பெயர் வைத்தார், மிக உயரமானது என்று பொருள். அதன் வம்சத்தில் வந்த 'ஓட்டம் மினரெட்' என்ற அவரது செடி 66 அங்குலம், 1951இல் பதிவானது. எழுபது வருடம் கழிந்தும் அது இங்கே ஓகஸ்ட் மாதத்தில் பூத்துக்கொண்டிருக்கிறது. அதுதான் என் பாத்தியின் தாய்.

பிறகு வந்தவர்கள் பூவைப் பெரிதாக்கப் பார்த்தார்கள், ஓரத்தைச் சுருக்கினார்கள், தண்டைக் குட்டையாக்கினார்கள். சட்டியில் வைத்து விற்கவும் பெட்டியில் அனுப்பவும் குட்டைச் செடிதான் வசதி. உலகம் முழுவதற்கும் டேலிலிப் பெயர்களைப் பதிவு செய்யும் அமெரிக்கச் சங்கத்திடம் இன்றைக்கு ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் நாலரை அடிக்கு மேல் போகிறதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற விடயம்.

செய்முறை கஷ்டமில்லை. காலை எட்டு ஒன்பது மணிக்குப் பனிஈரம் காய்ந்து மகரந்தம் பஞ்சுபோல் விரிந்ததும், ஒரு மகரந்தத் தாளைப் பிடுங்கி மற்றப் பூவின் நீண்ட சூல்தண்டின் நுனியில் தடவினால் போதும். என் சிவப்புச் செடி யூலையில் பூக்கிறது, 'ஓட்டம் மினரெட்' ஓகஸ்டில். அதனால் சிவப்பின் மகரந்தத்தை உலர்த்தி, மாத்திரை வைக்கும் பழைய டப்பாவில் போட்டு, குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் மீன் பக்கத்தில் வைத்துவிடுவேன். பல மாதம் கெடாது. யார் யாரோடு கலந்தது என்று ஜன்னல் மறைப்பின் பழைய பட்டியை வெட்டிப் பென்சிலால் எழுதிக் கட்டுகிறேன். பேனை எழுத்து ஒரு கோடையில் வெளிறிப்போகும், பென்சில் நிற்கும். காய் முற்ற ஏழெட்டு வாரம் எடுக்கும். காய் வெடிக்கும்போது உள்ளே மிளகு அளவில் மினுமினுத்த கறுப்பு விதை இருக்கும்.

இந்த இடத்தில்தான் நான் மற்றவர்களோடு முரண்படுகிறேன். பலர் விதையை வீட்டுக்குள்ளே விளக்கின் கீழ் முளைக்கவைத்து ஒரு வருடம் முந்திக்கொள்கிறார்கள். நான் ஒக்ரோபரில் வெளியே மண்ணில் விதைத்துவிடுகிறேன். உறங்கும் வகையின் விதைக்கு ஈரக் குளிர் சில வாரம் வேண்டும், அதைக் குளிர்காலமே கொடுக்கிறது. தாங்காத பிள்ளைகளையும் அதே குளிர்காலம் சலித்து எடுத்துவிடுகிறது. ஒரு வருடம் 140 விதை போட்டேன். 61 முளைத்தன. மூன்றாம் கோடையில் பூப்பதற்கு 38 மிஞ்சின. அதில் நாலரை அடி தாண்டியவை ஐந்து. யூலை மாதத்து இடிமழை ஒன்றில் மூன்று படுத்துவிட்டன. நிமிர்ந்து நின்றவை இரண்டே இரண்டு. உயரம் இருந்தால் போதாது, தண்டு தடித்திருக்க வேண்டும், மேலே மூன்று நாலு கிளை பிரிய வேண்டும். ஒரு பூ ஒரு நாள்தான் நிற்கும், ஆகவே தண்டுக்கு இருபது மொட்டாவது இல்லாவிட்டால் இரண்டு கிழமையில் எல்லாம் முடிந்துவிடும்.

அந்த இரண்டில் ஒன்றைக் கிளைபிரித்து வினிப்பெக்கில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினேன். அக்கா, இங்கே எங்களுக்கே வெளியில் நிற்க முடியாது, பூவை ஏன் கொல்லுகிறீர்கள் என்று தொலைபேசியில் கேட்டான். நாலு குளிர்காலம் கடந்துவிட்டது. அங்கே பனி ஒரே சீராக மூடிக்கிடப்பதால் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. இங்கே உருகி உருகி உறைவதுதான் பெரிய எதிரி.

குளிர்ந்த ஊருக்கு இன்னொரு சோதனையும் உண்டு. இரவு பத்து பன்னிரண்டு பாகைக்கு இறங்கினால், சுருக்கு வைத்த தடித்த பூக்கள் காலையில் பாதி திறந்து முறுக்கிக்கொண்டு நிற்கும். சீனத்து உயர இனங்களின் பூ முதல் நாள் மாலையிலேயே திறந்துவிடும். மெல்லிய எலுமிச்சை மஞ்சள், நல்ல வாசனை. என் கணவர் இருபத்தாறு வருடம் இரவு வேலை செய்தவர். மற்றவர்கள் தோட்டத்தில் பூ பார்க்கிற நேரத்தில் அவர் நித்திரை. இப்போது நிற்கிற 64 அங்குலச் செடி மாலை ஏழு மணிக்கு விரிகிறது. அவர் வேலைக்குப் புறப்பட்ட கடைசி இரண்டு கோடையிலும், சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதனடியில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் வாகனத்தில் ஏறினார். இங்கே நம் ஆட்கள் எத்தனை பேர் அந்த நேரத்தில் வேலைக்குப் போகிறார்கள்! அவர்களுக்காகவாவது இந்த மாலைப் பூக்களை வளர்க்க வேண்டும்.

குரோமோசோமை 44 ஆக இரட்டிப்பாக்கிய செடிகளும் உண்டு. தண்டு தடிப்பு, பூ தடிப்பு. அதைச் செய்வது கொல்கிசின் என்ற நஞ்சு. நம் கார்த்திகைப்பூக் கிழங்கிலும் விதையிலும் இருப்பது அதே பொருள்தான் என்று அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஆனால் நான் அதைத் தொடுவதில்லை, வீட்டில் பிள்ளைகள் வந்துபோகிறார்கள். 44 உள்ளதை 22 உள்ளதோடு கலந்தால் பெரும்பாலும் காய் பிடிக்காது என்பதை மட்டும் தொடங்குகிறவர்கள் மனதில் வைக்கவும்.

பக்கத்து வீட்டுச் சீன அம்மா இதன் மொட்டை அவித்து உலர்த்திச் சூப்பில் போடுவார். அவர்களுக்கு அது பழைய உணவு. ஆனால் உண்மையான லில்லி வேறு, இது வேறு. அடையாளம் தெரியாமல் எதையும் வாயில் வைக்க வேண்டாம். பூனை வளர்க்கும் வீட்டில் டேலிலியை வைக்கவே வேண்டாம், பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். உங்கள் கட்டுரையில் இது விடுபட்டிருந்தது, அடுத்த இதழில் தயவுசெய்து போடுங்கள்.

செப்ரெம்பர் கடைசியில் என்னிடம் விதை இருக்கும். விரும்புகிற வாசகர்கள் தங்கள் முகவரி எழுதி முத்திரை ஒட்டிய உறையை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினால், நான் வந்து எடுத்து ஆளுக்குப் பத்து விதை போட்டு அனுப்புகிறேன். பணம் வேண்டாம். ஒக்ரோபரில் வெளியே அரை அங்குல ஆழத்தில் விதைக்க வேண்டும், குளிருக்குப் பயந்து சட்டியில் வைத்து வீட்டுக்குள் தூக்கக் கூடாது, அவ்வளவுதான் நான் கேட்பது. ஒட்டாவா, மொன்றியல், எட்மன்ரன் பக்கத்தில் இருப்பவர்கள் உறையின் மூலையில் ஊர்ப்பெயரைப் பெரிதாக எழுதுங்கள். வினிப்பெக்கில் நிற்கும் செடியின் விதையைத் தம்பி அனுப்புவான், அதை உங்களுக்கு ஒதுக்கிவைக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
ஸ்காபரோ