பிழையைச் சுருக்கித் தந்தவர்களுக்கு நன்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் எழுதும் புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் ஜிசிசி, எல்எல்விஎம் போன்ற கம்பைலர்களுக்குப் பேட்ச் (திருத்தம்) எழுதுகிறவர் பெயர் கமிட்டில் (பதிவான மாற்றத்தில்) நிற்கும். பிழையைப் பிடித்துக் கொடுத்தவர் பெயரோ பக் எண்ணுக்குப் பின்னால் மறைந்துவிடும். இந்த மடல் அவர்களுக்கு.

"கம்பைலர் தப்பு" என்று வருபவற்றில் பல, கம்பைலர் தப்பே அல்ல. எங்கோ சைன்டு இன்டிஜர் ஓவர்ஃப்ளோ (குறியுள்ள முழு எண் தன் எல்லையைத் தாண்டுவது) ஆகியிருக்கும். அல்லது ஃப்ளோட்டை (தசம எண்ணை) இன்ட் (முழு எண்) பாயின்டர் வழியாகப் படித்திருப்பார்கள். சி மொழியின் விதிப்படி இவை கூடாது. அதனால் ஆப்டிமைசேஷன் இல்லாத ஓ0-வில் ஒழுங்காக ஓடியது, ஆப்டிமைசேஷன் கூடிய ஓ2-வில் உடையும். யூபிசான் (ஓவர்ஃப்ளோ போன்ற விதிமீறல்களை ஓடும்போதே பிடிக்கும் கருவி) போட்டு ஓட்டிப் பார்த்து, இந்த இரண்டையும் பொறுத்துக்கொள்ளும் 'எஃப்ராப்வி', 'நோ ஸ்ட்ரிக்ட் ஏலியாசிங்' ஆப்ஷன்களோடும் கம்பைல் செய்து பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு முதல் நன்றி. அந்த ஆப்ஷன்களில் கோளாறு மறைந்தால், குறை அநேகமாக நம் கோடில்தான்.

'சேவ் டெம்ப்ஸ்' ஆப்ஷன் போட்டு, ஹெடர்கள் (சோர்ஸில் சேர்க்கப்படும் துணைக் கோப்புகள்) எல்லாம் விரிந்த கோப்பை அனுப்பியவர்களுக்கும் நன்றி. வெறும் சோர்ஸ் கோப்பு மட்டும் வந்தால் எங்கள் மெஷினில் ஹெடர் பதிப்பு வேறாக இருக்கும், பிழை வரவே வராது. கூடவே கம்பைலர் பதிப்பு எண், டார்கெட் (எந்த வகை மெஷினுக்கு என்பது), முழு கமாண்ட் லைன். எல்எல்விஎம்-இன் சி கம்பைலரான கிளாங் கிராஷ் ஆனால், இந்த விரிந்த கோப்பையும் ஒரு ஷெல் ஸ்கிரிப்டையும் தானே எழுதி வைக்கிறது. இரண்டையும் இணைத்தால் போதும்.

யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் ரெகர் குழுவினருக்குப் பட்ட கடன் பெரிது. அவர்களின் சிஸ்மித் என்ற கருவி தானாக எழுதிய சி புரோகிராம்கள், பல கம்பைலர்களில் 325-க்கு மேற்பட்ட பிழைகளை வெளியே கொண்டுவந்ததாக 2011-இல் எழுதினார்கள். அடுத்து வந்த சி-ரெட்யூஸ், பிழை காட்டும் பல்லாயிரம் வரிக் கோப்பை, பிழை போகாமல் வெட்டி வெட்டி இருபது முப்பது வரிக்கு இறக்கிவிடும். நாம் தரவேண்டியது ஒரு ஸ்கிரிப்ட்: பிழை இன்னும் இருந்தால் 0 திருப்ப வேண்டும். சறுக்கல் அதில்தான். "கம்பைல் ஆகவில்லை" என்று மட்டும் சோதித்தால், செமிகோலன் விட்டுப்போன ஒரு வரியைக் கையில் கொடுத்துவிட்டு அது வேலையை முடித்துக்கொள்ளும்! கம்பைலர் கிராஷ் ஆகும்போது காட்டும் அசர்ட் செய்தியை ஸ்கிரிப்டில் அப்படியே கிரெப் செய்யுங்கள் (தேடுங்கள்). தவறான விடை வருகிற பிழையென்றால் ஸ்கிரிப்டுக்குள்ளேயே யூபிசான் போன்ற சானிடைசரும் வார்னிங் சோதனையும் வேண்டும். இல்லையேல் இனிஷியலைஸ் ஆகாத (தொடக்க மதிப்பு தராத) வேரியபிள்தான் மிஞ்சும். டைம்-அவுட்டும் வையுங்கள், லூப்பின் நிபந்தனையையே சி-ரெட்யூஸ் வெட்டிவிட்டால் புரோகிராம் முடியாமல் ஓடும்.

எந்த கமிட்டில் உடைந்தது என்று கிட் பைசெக்ட்டில் (கமிட் வரிசையைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் கருவி) தேடித் தந்தவர்களை எப்படி மறப்பது? ஆயிரம் கமிட்டுக்குச் சுமார் பத்து பில்ட். ஆனால் கம்பைலரை ஒருமுறை பில்ட் செய்வதே எவ்வளவு நேரம் என்பது செய்தவர்களுக்குத் தெரியும். பில்டே ஆகாத கமிட்டுக்கு, பைசெக்ட்டுக்குத் தரும் ஸ்கிரிப்ட் 125 ("இதை விட்டுவிடு") திருப்ப வேண்டும். 1 ("இதில் பிழை உண்டு") திருப்பினால் அப்பாவி கமிட் மேல் பழி விழும். எல்எல்விஎம்-இல் 'ஆப்ட் பைசெக்ட் லிமிட்' ஆப்ஷன் வைத்து எந்த பாஸ் (ஆப்டிமைசேஷன் படி) என்றே சொன்னவர்கள், எங்கள் பாதி வேலையை முடித்தவர்கள்.

ரிவ்யூவில் "டெஸ்ட் எங்கே?" என்று விடாமல் கேட்டவர்களுக்கும், பிக் எண்டியன் (எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைக்கும்) மெஷின்களில் பில்ட்பாட் (தானாகப் பில்ட் செய்து சோதிக்கும் அமைப்பு) ஓட்டுகிறவர்களுக்கும் நன்றி. பைட் வரிசைப் பிழை, சிறிய பைட்டை முதலில் வைக்கும் வழக்கமான எக்ஸ்86 மெஷினில் தலைகாட்டாது.

திருத்தம் சேர்ந்த பிறகு, சுருக்கிய கோப்போடு நிற்காமல் தங்கள் மூல புரோஜெக்டையும் பில்ட் செய்து பார்த்து, "இங்கே இன்னும் வருகிறது" என்று பக்கை மறுபடி திறந்தவர்களுக்குத் தனி நன்றி.

அன்புடன்,
கம்பைலர் பக்கத்தில் வேலை பார்ப்பவர்கள்