பாம்பன் பாலம் இறங்கும் இடத்தில் உணவகங்களின் முன் வண்டிகள் நிற்பதைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மீன் வண்டி ஓட்டுநர், பாம்பன்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், ராமநாதபுரம்.

பொருள்: சாலையை அடைத்து வண்டிகள் நிறுத்துவது – மூன்றாம் முறையாக முறையிடுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்குப் பணிவான வணக்கம்.

இதே குறைக்காகக் கீழ்மட்டத்தில் ஏற்கெனவே இரண்டு மனுக்கள் கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டுகள் வண்டியில் பத்திரமாக இருக்கின்றன, பதில்தான் வரவில்லை. அந்த இடம் தாங்கள் அறிந்ததே. தீவுக்குச் சாலையில் போகும் எவரும் அதைக் கடந்தே ஆக வேண்டும்.

1. பாலம் இறங்கியதும் மண்டபம் பக்கம் உள்ள சில உணவகங்களுக்கு வண்டி நிறுத்தச் சொந்த இடம் கிடையாது. சாலையைத்தான் தங்கள் இடமாக வைத்திருக்கிறார்கள்.

2. ராமேசுவரத்தில் 22 தீர்த்தமும் ஆடி, தரிசனம் முடித்து, வெறும் வயிற்றோடு திரும்புகிறவர்கள் கண்ணில் பட்ட முதல் கடையில் நிறுத்துவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பசி. ஆனால் கடை வாசலில் நின்று சிவப்புத் துணியை ஆட்டி வேன்களை மறிக்கிறாரே, அவரைச் சொல்வேன். பின்னால் வருகிறவர் விபத்தோ என்று பதறி பிரேக் போடுகிறார். ஆறு வேன்கள் நின்றால் போதும், வரிசையின் வால் பாலத்தின் மேல் ஏறிவிடும். அங்கே ஒதுங்க ஏது இடம்? நின்றவர்களும் சும்மா இருப்பதில்லை. இறங்கிக் கடலையும் 2025-இல் திறந்த புதிய ரயில் பாலத்தையும் படம் எடுக்கிறார்கள். தூக்குப் பாலம் உயர்ந்து கப்பல் போகும் நாளென்றால் கேட்கவே வேண்டாம். முன்னால் வழி கிடைத்த பிறகும் ஓட்டுநர் வண்டியில் இருப்பதில்லை!

3. ஐஸ். நான் எழுத வந்ததே இதற்காகத்தான். வெயிலில் பாலத்தின் நடுவே நிற்கும் என் வண்டியில் காலை ஏலத்தில் எடுத்த நண்டும் கணவாயும் பாறை மீனும் இருக்கின்றன. ராமநாதபுரத்துக்கு இன்னும் 40 கிலோமீட்டர் போக வேண்டும். பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுவது என் காதில் விழுகிறது. போய்ச் சேர்ந்ததும் வியாபாரி செவுளைத் தூக்கிப் பார்ப்பார், ஒன்றும் பேச மாட்டார், விலையைக் குறைப்பார். இரவெல்லாம் கடலில் கிடந்தவருக்கும் நஷ்டம், எனக்கும் நஷ்டம். அந்தக் கடைகளிலோ ‘இன்று பிடித்த மீன்’ என்று பலகை! அதில் ஒரு கடைக்கு நண்டு கொடுப்பவனே நான்தான். இறக்கப் போனால் எனக்கே நிறுத்த இடமில்லை. தயவுசெய்து இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம்.

4. ஆம்புலன்சும் இந்த வரிசையில்தான் நிற்கிறது. 1988-க்கு முன் தீவுக்குச் சாலையே இல்லை; இப்போது இருந்தும் பயனில்லை என்றால் யாரிடம் சொல்வது?

5. நான் அதிகம் கேட்கவில்லை. பாலம் இறங்கியதிலிருந்து அரை கிலோமீட்டருக்கு இருபுறமும் வண்டி நிற்கக் கூடாது. அமாவாசை, விடுமுறை நாள்களில் காலை 8 முதல் 11 வரை ஒரு காவலர் வேண்டும். நிறுத்த இடமில்லாத கடைக்காரர்கள் இடம் பார்த்துக்கொள்ளட்டும். சிவப்புத் துணியை மட்டுமாவது பிடுங்குங்கள், ஐயா!

மீண்டும் பணிந்து கேட்கிறேன். நேரில் பார்வையிட வருவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை வாருங்கள். முன்கூட்டி அறிவிக்க வேண்டாம். அறிவித்தால் அன்று ஒரு நாள் மட்டும் சாலை காலியாக இருக்கும்.

இப்படிக்கு,
பாம்பன் மீன் வண்டி ஓட்டுநர்

இணைப்பு: முந்தைய இரண்டு ஒப்புகைச் சீட்டுகளின் நகல். (ஐஸ் தண்ணீர் பட்டதால் ஒன்று கொஞ்சம் மங்கியிருக்கிறது.)