வெள்ளக் கோட்டின் உயரத்தை அளந்த பிறகு கடைக்கால் தோண்டுங்கள்

மதிப்பிற்குரிய கடலூர் மாவட்ட ஆட்சியர், மாநகராட்சி மேயர், மாமன்ற உறுப்பினர்கள், நீர்வளத் துறைப் பொறியாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஃபெஞ்சல் புயல் மழையின்போது, 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. அணையின் முழுக் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. அந்த வேகத்தில் திறந்தால் நிரம்பிய அணை சுமார் 12 மணி நேரத்தில் வற்றிவிடும். அப்படிப்பட்ட வெள்ளத்தைப் பிடித்து வைக்க அந்த அணையால் ஆகாது, வந்ததைக் கீழே விடத்தான் முடியும். முன்னறிவிப்பு போதுமா, சில நாள் முன்பே கொஞ்சம் காலி செய்திருக்கலாமா என்று கேட்பது நியாயம். அந்தக் கேள்விகளுக்கு எந்தப் பதில் கிடைத்தாலும், இன்னொரு பெருமழையில் தென்பெண்ணை மறுபடியும் கடலூர் வாசலுக்கு வரும்.

2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024 ஃபெஞ்சல். ஒவ்வொன்றின் பிறகும் ஒரு பேச்சு எழுகிறது. இந்த ஊரை இதே இடத்தில் திரும்பக் கட்டத்தான் வேண்டுமா? எங்கள் பதில்: ஊர் இங்கேதான் இருக்கும், இருக்க வேண்டும். ஆனால் எந்த வீட்டை இருந்த இடத்தில் கட்டுவது, எதை உயர்த்திக் கட்டுவது, எதை நகர்த்துவது என்பதை வீடு வீடாக, அங்கே நின்ற தண்ணீரின் உயரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். அந்த உயரம் இன்று எந்தப் பதிவேட்டிலும் தெரு வாரியாக இல்லை. சுவரில்தான் இருந்தது. வெள்ளம் வடிந்ததும் சேறு ஒரு பழுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது பாதிக் கோடு அழிந்துவிட்டது. பின்சுவர், மோட்டார் கொட்டகை, கோயில் மதில், பள்ளிக் கழிப்பறை இவற்றில் மிஞ்சியிருப்பதும் அழியும் முன் பதிய வேண்டும்.

இது பெரிய வேலையல்ல. உயர வித்தியாசம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவி ஒன்று, ஸ்டாஃப் என்ற அளவுகோலைப் பிடிக்க ஒருவர், ஊர் தெரிந்த ஒருவர் போதும். கடல் மட்டத்திலிருந்து உயரம் குறித்து வைத்த அடையாளமான, அருகிலுள்ள நில அளவைப் பெஞ்ச் மார்க்கிலிருந்து தொடங்கி, தெருவுக்கு இரண்டு இடத்திலாவது வெள்ளக் கோட்டின் உயரத்தைக் கடல் மட்டத்தோடு இணைத்துக் குறிக்க வேண்டும். அங்கிருந்து வீட்டுக்கு வீடு கொண்டுபோக, கொத்தனார் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் குழாயே போதும். குழாயில் காற்றுக் குமிழி சிக்காமல் பார்த்துக்கொண்டால் பிழை சில மில்லிமீட்டரைத் தாண்டாது. தவறு நடப்பது வேறு இடத்தில். பலர் தரையிலிருந்து அளந்து ‘நாலு அடி தண்ணீர்’ என்று எழுதிவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு சாலை அரை அடி உயர்ந்தால் அந்த நாலு அடிக்குப் பொருளே இல்லை. கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதினால்தான் அது நிலைக்கும். தெருமுனை மின்கம்பத்தில் நீலக் கோடு ஒன்று, பக்கத்தில் ஆண்டு; அவ்வளவுதான் பலகை.

அந்தக் கோடு வந்த பிறகு நாங்கள் சொல்லும் பிரிவு எளியது. வீட்டுத் தரைக்கு மேல் ஒரு அடிக்குள் தண்ணீர் நின்ற இடத்தில், வீட்டைப் பழுது பார்த்து, மின் மீட்டரையும் சுவிட்ச் போர்டையும் கோட்டுக்கு இரண்டடி மேலே தூக்கி, தரைத் தளத்துக்குத் தனி எம்.சி.பி.யும் (மின்சுமை மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்) 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டால் போதும். ஒன்று முதல் நாலு அடி வரை நின்ற இடத்தில் புதிதாகக் கட்டும் எந்த வீட்டின் தரையும் கோட்டுக்கு இரண்டடி மேலே இருக்க வேண்டும். நாலு அடிக்கு மேல் நின்ற இடத்திலும், ஆழம் குறைவானாலும் தண்ணீர் வேகமாக ஓடிய இடத்திலும் யாரும் தரைத் தளத்தில் படுத்துறங்கக் கூடாது. இடுப்பளவு நிற்கும் நீரை விட முழங்காலுக்குச் சற்று மேலே பாய்ந்தோடும் நீர் ஆபத்தானது. பெரிய ஆளையே சாய்த்துவிடும். 2015-இல் பண்ருட்டிப் பக்கம் விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் உயிர்களைக் கொண்டுபோனது ஓடையில் திடீரென்று இறங்கிய வேகம்தான்.

உயர்த்திக் கட்டுவதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருகிறார்கள். அந்த வீட்டை நாலு அடி உயர்த்த, எல்லோரும் முதலில் நினைப்பது கிராவல் கொட்டி பேஸ்மட்டத்தை ஏற்றுவது. 360 சதுர அடிக்கு நாலு அடி என்றால் 1,440 கன அடி, யூனிட்டுக்கு 100 கன அடி என்ற கணக்கில் கிட்டத்தட்ட பதினாலரை யூனிட். திமுசு போட்டு இறுக்கும்போது அமுங்குவதையும் சேர்த்தால் 18 யூனிட் வரை வேண்டும். செலவை விடுங்கள். அந்த மேடு ஒவ்வொன்றும் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர் நிற்கும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. 100 வீடு இப்படி எழும்பினால் 40 லட்சம் லிட்டர், உயர்த்திக் கட்ட வசதியில்லாத அடுத்த தெருவுக்குப் போகும். ஓடும் நீர் மேட்டின் மூலைகளை அரித்து, கடைக்காலுக்கு அடியில் மண்ணை இழுத்துவிடும். வீடு நிற்கும், மூலையில் சுவர் பிளக்கும்.

ஆகவே தாழ்ந்த தெருக்களில் தூண் மேல் வீடு என்பதையே நிலையான வரைபடமாக அங்கீகரியுங்கள். 20க்கு 18 அடி வீட்டுக்கு மூன்று வரிசையில் ஒன்பது தூண். தரைக்குப் பதிலாகப் போடும் ஐந்து அங்குலத் தளத்துக்கும், தூண்களின் கூடுதல் ஐந்தடி உயரத்துக்கும் சேர்த்து சுமார் 5 கன மீட்டர் கான்கிரீட், 40 மூட்டை சிமெண்ட், அரை டன் கம்பி கூடுதலாகும். இந்தக் கூடுதலைப் பயனாளி தலையில் வைத்தால் அவர் தூணைக் குட்டையாக்குவார், வேறு வழியில்லை. வெள்ளக் கோட்டுக்குக் கீழே இருக்கும் மனைகளுக்கு மட்டும் ‘உயர்த்தல் தொகை’ என்று தனியாகக் கணக்கிட்டுத் தர வேண்டும்.

தூண்களை நிலமட்டத்திலும் தளமட்டத்திலும் இரு திசையிலும் பீம் போட்டுக் கட்ட வேண்டும். ஒரு திசையில் மட்டும் கட்டினால் மறு திசையில் வெள்ளம் தள்ளும்போது ஆடும். கடற்காற்று படும் இடத்தில் எம்20 கான்கிரீட் கலவை போதாது, அதைவிட வலுவான எம்30 வேண்டும். கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், வேண்டும். வேலையிடத்தில் அந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டை வைத்துவிடுகிறார்கள். கான்கிரீட் கொட்டும்போது அது நகர்ந்து, கம்பி அச்சுப் பலகையோடு ஒட்டிக்கொள்கிறது. உப்பு நீர் முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான். துரு ஏறிக் கம்பி பருத்து கான்கிரீட்டை உதிர்க்கும். கலவைக்குக் கரிக்கும் போர் தண்ணீரை விடக்கூடாது. கடல் மணல் கூடவே கூடாது.

இன்னொன்று, இது சட்டத்தால் மட்டும் தீராது. தூணுக்கு அடியில் இருக்கும் இடத்தை ஓராண்டுக்குள் செங்கல் வைத்து அடைத்துக் கடையாகவோ வாடகை அறையாகவோ மாற்றிவிடுவார்கள். பிழைப்புக்கு இடம் தேவைப்படுவதை நாங்கள் குறை சொல்லவில்லை. கம்பி வலை, மூங்கில் தட்டி, கழற்றக்கூடிய தகரக் கதவு இவற்றுக்கு அனுமதி தாருங்கள். கட்டுச்சுவர் மட்டும் வேண்டாம். சுவர் வந்தால் தூண் வீடு பழையபடி மண்மேடுதான். வயதானவர்களையும் மறந்துவிடக் கூடாது. ஐந்தடி ஏற ஒன்பது படி. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் என்றால் 60 அடி நீளம் வேண்டும், எந்த மனையிலும் அது அடங்காது. எட்டுப் பத்து வீட்டுக்குப் பொதுவாக ஒரு சாய்தளமும், வீடுகளை இணைக்கும் நடைமேடையும் வைத்தால் அது சாத்தியம்.

செப்டிக் டேங்க் காற்றுக் குழாயை வெள்ளக் கோட்டுக்கு மேல் கொண்டுபோய், கழிவுக் குழாயில் நீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் கழிப்பறை வழியாக வீட்டுக்குள் சாக்கடை ஏறுவது நிற்கும். நிலத்தடி நீர் மேலே நிற்கும் பகுதிகளில் உறிஞ்சு குழிக் கழிப்பறை பயன்படாது, கட்டவே வேண்டாம். சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய உப்பனாற்றங்கரையில் வெள்ளம் விட்டுப்போன வண்டலைப் பரிசோதிக்காமல் மனையை மேடாக்கப் பயன்படுத்தவும் கூடாது.

இனி நகர்த்துவது. குண்டு உப்பலவாடி, கண்டக்காடு, தாழங்குடா, நாணமேடு, உச்சிமேடு எல்லாம் 2024-இல் தண்ணீரில் நின்றன. பெயரிலேயே மேடு இருக்கும் ஊர்கள் இவற்றில் இரண்டு. முன்னோர் சுற்றியிருந்த தாழ்நிலத்தோடு ஒப்பிட்டு மேடு என்றிருப்பார்கள். குடும்பம் பெருகப் பெருக வீடுகள் தாழ்நிலத்துக்கு இறங்கியிருக்கும். இந்த மக்களை லாரியில் ஏற்றிப் பத்து மைல் தள்ளி அடுக்குமாடியில் வைப்பது தீர்வாகாது. சுனாமிக்குப் பிறகு கடலிலிருந்து 200 மீட்டர் என்ற எல்லையை வைத்து மறுகுடியமர்வு நடந்தபோது கிடைத்த பாடம் இன்னும் பழசாகவில்லை. படகும் வலையும் கடற்கரையில் கிடக்க, வீடு மட்டும் தொலைவில் இருந்தால், மனிதர் கரையிலேயே கொட்டகை போட்டுப் படுப்பார். படுகையில் பயிர் செய்பவருக்கும் இதே கணக்குத்தான். நிலப் பட்டா அவரிடமே இருக்கட்டும், பயிர் அங்கேயே விளையட்டும். வெள்ளம் கொண்டுவரும் வண்டல் அந்த மண்ணுக்கு உரம். உறங்கும் வீடு மட்டும் நடந்து போகும் தூரத்தில் மேட்டுக்கு மாறட்டும். தெருவைப் பிரிக்காமல், உறவையும் கோயிலையும் பிரிக்காமல் சேர்த்தே மாற்றுங்கள். நீர்நிலைப் புறம்போக்கில் பி மெமோ என்ற ஆக்கிரமிப்பு அறிவிப்பை வாங்கிக்கொண்டு தலைமுறையாக இருப்பவரிடம் பட்டா இல்லை என்று சொல்லி மாற்று மனையை மறுத்தால், அவர் அங்கேயே திரும்பக் குடிசை போடுவார்.

மேடு என்றதும் எல்லோர் கையும் கேப்பர் மலையைக் காட்டும். அங்கே இடம் உண்டு. ஆனால் அந்தச் செம்மண் மழையில் கரையும். சரிவிலுள்ள முந்திரியை வெட்டி மனை போட்டால் ஓடைகள் ஆழமாக அறுபட்டு, அந்த மண் தாழ்விலுள்ள வாய்க்கால்களையும் ஆற்றையும் தூர்க்கும். மேல் சமதளத்தில் மட்டும் கட்டுங்கள், சரிவைத் தொடாதீர்கள்.

ஊருக்குள் வடிகாலைப் பற்றி ஒரு கணக்கு. ஃபெஞ்சலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. 40 செ.மீ. மழை ஒரு சதுர கிலோமீட்டரில் விழுந்தால் 40 கோடி லிட்டர். ஒரு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள வாய்க்கால், வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நிரம்பி ஓடினாலும் அதை வடிக்க நாலரை நாளாகும். கடலில் ஓதம் ஏறியிருந்தாலோ, தேவனாம்பட்டினம், தாழங்குடா முகத்துவாரத்தில் மணல்மேடு அடைத்திருந்தாலோ அதுவும் ஓடாது. ஆகவே வடிகால் மட்டும் கட்டி இந்த ஊரைக் காக்க இயலாது. நீர் நிற்க இடம் வேண்டும். ஏரி, குளம், வயல் அந்த இடம். மூன்று மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் இருந்த ஓடையை மறித்து மனைப்பிரிவு போட்டவர்கள் 60 செ.மீ. சிமெண்ட் குழாய் ஒன்றைப் பதித்துவிட்டு வழி விட்டதாகச் சொல்கிறார்கள். அந்தக் குழாயின் வாய், பழைய ஓடையில் பதினாறில் ஒரு பங்கு. கிராம வரைபடத்தையும், நில விவரம் உள்ள ‘அ’ பதிவேட்டையும் வைத்து இத்தகைய குழாய்களைக் கணக்கெடுத்து மாற்றுங்கள். நான்கு வழிச் சாலையின் கரைகளுக்கு அடியில் நீர் போக விட்ட கண்களையும் இதே கண்ணோடு பாருங்கள். தெருச் சாலையைப் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போடுவதை உடனே நிறுத்துங்கள்.

தென்பெண்ணைக் கரையை உயர்த்துவது தனியாகச் செய்யும் வேலையல்ல. ஒரு பக்கம் புதுச்சேரியின் பாகூர் கொம்யூன், மறுபக்கம் கடலூர். ஒரு கரை அரை மீட்டர் உயர்ந்தால் வெள்ளம் மறுகரையை உடைக்கும். புதுச்சேரிப் பொதுப்பணித் துறையோடு ஒரே அளவில் கோடு எடுத்து, எங்கே கரையை உயர்த்துவது, எங்கே வெள்ளத்தை வயலுக்கு விடுவது என்று சேர்ந்து முடிவெடுங்கள். வயலுக்கு விட்டால் பயிர் இழப்பீடு முன்கூட்டியே ஒப்பந்தமாக இருக்க வேண்டும், பிறகு மனு கொடுத்து வாங்குவதாக இருக்கக் கூடாது.

கடைசியாக எச்சரிக்கை. ‘1.68 லட்சம் கன அடி’ என்று ஒலிபெருக்கியில் சொன்னால் நாணமேட்டில் இருப்பவர் அதை என்ன செய்வார்? தெருவுக்குத் தெரு கோடு இருந்தால், எல்லிஸ் சத்திரம் அணைக்கட்டில் ஆறு இந்த அளவில் போகிறது, உங்கள் கம்பத்திலுள்ள நீலக் கோட்டுக்கு ஒரு அடி கீழே வரை வரும், இரவு பத்து மணிக்குள் மாடு கன்றோடு கிளம்புங்கள் என்று சொல்ல முடியும். அதற்கான அட்டவணையை நீர்வளத் துறை பழைய வெள்ளங்களின் பதிவுகளிலிருந்து இப்போதே தயாரிக்கலாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் கோடு எடுக்கும் வேலையைத் தாழங்குடாவிலிருந்து தொடங்குங்கள். கருவியும் ஆளும் நாங்கள் தருகிறோம். வார்டுக்கு ஒரு கிராம நிர்வாக அலுவலரையும், பெஞ்ச் மார்க் பட்டியலையும் மட்டும் தாருங்கள்.

இப்படிக்கு,
தென்பெண்ணை, கெடிலக் கரைப் பொறியாளர்கள், கொத்தனார்கள், பாசன விவசாயிகள்
கடலூர்