28 ஆண்டு என்ற கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மல்யுத்தக் கட்டுரையில், அமெரிக்க மல்யுத்த வீராங்கனை ஃபேபுலஸ் மூலா 28 ஆண்டுகள் தொடர்ந்து பெண்கள் சாம்பியனாக இருந்தார் என்று எழுதியிருந்தீர்கள். மல்யுத்தக் காட்சிகளை நடத்தும் அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனமே அப்படித்தான் சொல்லிவருகிறது என்பதால் கட்டுரையாளரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கணக்கு தவறு.

1956-ல் பால்டிமோரில் ஜூடி கிரேபிளை வென்று மூலா பட்டம் பெற்றார். 1984 ஜூலை 23 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வெண்டி ரிக்டரிடம் தோற்றார். இரண்டும் சரி. ஆனால் நடுவில் 1966-ல் பெட் பௌச்சர், 1968-ல் ஜப்பானில் யுகிகோ டொமோயே, 1976-ல் சூ கிரீன், 1978-ல் எவ்லின் ஸ்டீவன்ஸ் என நான்கு பெண்கள் அவரை வென்று பட்டத்தின் அடையாளமான பெல்ட்டை வாங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மூலா சீக்கிரமே அதை மீட்டுவிட்டார். 1984-ல் அந்தப் பட்டத்தின் உரிமையை மூலாவிடமிருந்து விலைக்கு வாங்கிய அதே நிறுவனம், இந்த நால்வரையும் தன் பட்டியலில் சேர்க்கவே இல்லை.

முடிவு முன்கூட்டியே பேசிவைத்த ஆட்டத்தில் யார் ஜெயித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பேசிவைத்த ஆட்டம் என்பதால்தான் எனக்கு அது பெரிதாகப் படுகிறது. ஒருவர் இடுப்பில் பெல்ட்டைக் கட்டுவது, இவரை நம்பி மக்கள் டிக்கெட் வாங்குவார்கள் என்று அந்தத் தொழில் ஒப்புக்கொள்வதாகும்.

பேச்சை மீறியதும் நடந்திருக்கிறது. 1985 நவம்பர் 25 அன்று அதே மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 'ஸ்பைடர்' என்ற பெயரில் முகமூடி அணிந்து வந்தவர் மூலாதான். தோள்கள் தரையில் பட்டிருக்க நடுவர் மூன்று எண்ணினால் தோல்வி; ஆனால் ரிக்டர் தோளைத் தூக்கிய பிறகும் நடுவர் மூன்று எண்ணி முடித்துவிட்டார், பட்டம் பறிபோனது. சம்பள விஷயத்தில் நிறுவனத்தோடு ரிக்டருக்குத் தகராறு இருந்த நேரம் அது. போட்டி உடையைக்கூட மாற்றாமல் ரிக்டர் அரங்கை விட்டு வெளியேறினார். யூடியூபில் அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

நியூயார்க் மாநிலத்தில் பெண்கள் மல்யுத்தத்துக்கு இருந்த தடை 1972-ல் நீங்கியதில் மூலாவுக்குப் பங்குண்டு. அதை மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு முன்பே, 1937-ல் உலகப் பட்டம் வென்ற மில்ட்ரெட் பர்க் என்று ஒருவர் இருந்தார். 1954 ஆகஸ்டில் அட்லாண்டாவில் ஜூன் பயர்ஸோடு மோதி முதல் சுற்றை இழந்தார். இரண்டாம் சுற்று முடிவு தெரியாமலே நிறுத்தப்பட்டது. பட்டம் மட்டும் பயர்ஸுக்குப் போய்விட்டது. பயர்ஸ், பர்க்கின் முன்னாள் கணவரும் பெண்கள் மல்யுத்தப் போட்டிகளை நடத்தியவருமான பில்லி வுல்ஃபின் மகனை மணந்த மருமகள். அந்த ஆண்டே பர்க் ஜப்பான் போய் ஆடினார். பின்னாளில் ஜப்பானியப் பெண்கள் பல ஆண்டுகள் போட்டியிட்ட சிவப்பு பெல்ட், அவர் தொடங்கிய சங்கத்தின் பெயரில் வந்ததுதான்.

அடுத்த இதழில் திருத்தம் போடுவீர்களானால், மூலாவிடமிருந்து பெல்ட்டை வென்ற அந்த நால்வரின் பெயரையும் முழுமையாக அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி.