உள்ளூர்ச் சேனலின் பெயர், எண், உரிமையாளர் மாற்றம்: விளம்பரக் கட்டணம் குறித்த புகார்

அனுப்புநர்:
கேபிள் சந்தாதாரர் மற்றும் விளம்பரதாரர்,
பாத்திரக்கடை, சங்கரன்கோவில்,
தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
நோடல் அலுவலர் அவர்கள்,
கேபிள் தொலைக்காட்சி நிறுவனத் தலைமை அலுவலகம்,
சென்னை.

நாள்: 25.08.2025

பொருள்: உள்ளூர்ச் சேனல் கைமாறிய பின் முன்பணம் செலுத்திய விளம்பரம் நிறுத்தப்பட்டது, முன்னறிவிப்பின்றிப் பெயரும் எண்ணும் மாற்றப்பட்டது, ஆடித்தபசுத் திருவிழா நேரலை கைவிடப்பட்டது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். வீட்டிலும் கடையிலும் தங்கள் நிறுவனத்தின் கேபிள் இணைப்பை வைத்திருக்கும் சந்தாதாரர் நான். சங்கரன்கோவில் நகரில் பல ஆண்டுகளாக ஒளிபரப்பாகி வந்த உள்ளூர்ச் சேனலைக் கடந்த வைகாசி மாதத்தில் தங்கள் நிறுவனம் விலைக்கு வாங்கி, அதன் பெயர், லோகோ, சேனல் எண் ஆகிய மூன்றையும் மாற்றியிருக்கிறது. விற்பதும் வாங்குவதும் சம்பந்தப்பட்ட இரு தரப்பாரின் விருப்பம். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கைமாறுவதற்கு முன்பு அந்தச் சேனல் வாடிக்கையாளர்களிடம் வாங்கிய பணத்துக்கு இப்போது யார் பொறுப்பு என்று கேட்டால், பழையவர்கள் தங்களைக் கைகாட்டுகிறார்கள், தங்கள் அலுவலர்கள் பழையவர்களைக் கைகாட்டுகிறார்கள். இந்தப் புகாரின் சாரம் அதுதான்.

சித்திரை மாதத்தில், என் கடைக்கான விளம்பரத்தை ஓராண்டுக்கு ஒளிபரப்புவதற்கு முழுத் தொகையையும் செலுத்தி ரசீது பெற்றேன். காலைச் செய்திக்கும் இரவுச் செய்திக்கும் முன்பு ஒரு ஸ்லைடு (திரையில் காட்டும் விளம்பர அட்டை), முகூர்த்த மாதங்களில் நாள் முழுவதும் ஸ்க்ரோலிங் என்பது ஒப்பந்தம். பாத்திரக்கடைக்கு ஆவணி முகூர்த்தம்தான் முக்கியமான வியாபாரக் காலம். சீர்வரிசைக்கு அண்டா, குத்துவிளக்கு, பித்தளைக் குடம் வாங்க வருபவர்களில் பாதிப் பேர் சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிறார்கள், அவர்கள் வீடுகளில் ஓடுவது இந்த உள்ளூர்ச் சேனல். ஆனி மாதத்தின் பிற்பகுதியிலிருந்து என் ஸ்லைடு வரவில்லை. ஆவணி பிறந்த பிறகும் ஸ்க்ரோலிங் தொடங்கப்படவில்லை.

தங்கள் நகர அலுவலகத்துக்கு ரசீதுடன் நேரில் சென்றேன். கவுண்டரில் இருந்தவர் அதை வாங்கிப் பார்த்து, பழைய சேனலின் ரப்பர் ஸ்டாம்பு இருந்த பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்து, “அண்ணாச்சி, இது பழைய சேனல் பில்லு. எங்க சிஸ்டத்துல ஏறாது. பழைய ஓனரைப் பாருங்க” என்றார். பழைய உரிமையாளரைப் பார்த்தபோது அவர், “லைன், ரூம், கேமரா, சேனல் எல்லாத்தையும் சேர்த்துத்தானே எழுதிக் குடுத்தேன்? விளம்பரப் பார்ட்டி லிஸ்ட்டும் அவங்ககிட்டதான் இருக்கு” என்றார். அவர் சொன்னது உண்மை என்பதைத் தங்கள் நிறுவனமே எனக்கு உறுதி செய்தது. சில நாள்களில் தங்கள் மார்க்கெட்டிங் பிரிவிலிருந்து பேசிய ஒருவர், என் கடைப் பெயரையும் எந்த நேரத்தில் ஸ்லைடு வந்துகொண்டிருந்தது என்பதையும் பிசகாமல் சொல்லி, புதிய கட்டணத்தில் ஓராண்டுக்குப் புதுப்பித்துக்கொள்ளும்படி கேட்டார். புதுப்பிக்கச் சொல்லிக் கேட்பதற்கு அந்தப் பட்டியல் தங்களுக்குப் பயன்படுகிறது என்றால், அதே பட்டியலில் உள்ளவர்கள் கட்டிய பணத்துக்குக் கணக்குச் சொல்லவும் அது பயன்பட வேண்டும். வருமானம் வரும் வழியை மட்டும் வாங்கிக்கொண்டு, செய்து தர வேண்டிய வேலையை விற்றவர் தலையில் விடுவது எந்த வியாபார முறையிலும் சேராது.

தொலைக்காட்சிகள் பெயரும் கையும் மாறுவது தமிழ்நாட்டில் புதிதன்று. 1994-இல் கோல்டன் ஈகிள் என்ற பெயரில் தொடங்கிய சேனல்தான் பின்னர் விஜய் டிவி ஆகி, 2001-இல் ஸ்டார் குழுமத்திடம் சென்று, 2024 நவம்பரில் நடந்த இணைப்புக்குப் பின் ஜியோஸ்டார் நிறுவனத்தின் கீழ் வந்திருக்கிறது. என்டிடிவியும் தி இந்துவும் சேர்ந்து சென்னையில் நடத்திய சேனலைத் தினத்தந்தி குழுமம் வாங்கி 2012-இல் தந்தி டிவி ஆக்கியது. அரசின் பொதிகை 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆயிற்று. பண்பலையில் ரேடியோ சிட்டி 2015-இல் ஜாக்ரன் குழுமத்துக்குக் கைமாறியபோது பெயர்கூட மாறவில்லை. இவை எல்லாவற்றிலும் யார் விற்றார், யார் வாங்கினார் என்பதைச் சாதாரணப் பார்வையாளர்கூடச் செய்தித்தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தது. உள்ளூர்ச் சேனல் கைமாறுவதை எந்தச் செய்தித்தாளும் எழுதாது. ஆகவே அதை அறிவிக்க வேண்டிய கடமை வாங்கியவருக்கு இன்னும் கூடுதலாகவே இருக்கிறது. எங்கள் ஊரிலோ ஒரு நாள் காலையில் திரையின் மூலையில் புது லோகோ இருந்தது, அவ்வளவுதான். வழக்கமான நிருபரே வழக்கம்போலப் பேட்டி எடுக்க வந்தார். அவர் கையிலிருந்த மைக்கில் ஒட்டிய புது ஸ்டிக்கருக்குக் கீழே பழைய பெயரின் கடைசி எழுத்து நீட்டிக்கொண்டிருந்தது. நிர்வாகம் யாருடையது என்று கேட்டதற்கு அவருக்கும் பதில் தெரியவில்லை.

சேனல் எண் மாற்றத்தைப் பொறுத்தவரை, தங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் கருத்தில் கொண்டே எழுதுகிறேன். தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 30.11.2022 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, கேபிள் நிறுவனங்கள் தாமே நடத்தும் இத்தகைய சேனல்களைப் பதிவு செய்ய வேண்டும், அவற்றைச் சேனல் பட்டியலில் ஒரே தொகுப்பாக வைக்க வேண்டும், திரையில் ‘பிளாட்பார்ம் சர்வீசஸ்’ என்று காட்ட வேண்டும். எனவே சேனலை வேறு வரிசைக்குக் கொண்டு போனதில் தவறில்லை. ஆனால் அதே நெறிமுறை கேட்கும் திரைக் குறிப்பை இதுவரை நான் பார்க்கவில்லை. சேட்டிலைட் சேனலுக்கு ஓர் எண் கொடுத்தால் குறைந்தது ஓராண்டுக்கு அதை மாற்றக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2017-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்வதன் காரணம், பார்ப்பவர்கள் எண்ணை நினைவில் வைத்தே சேனலைத் தேடுகிறார்கள் என்பதுதான். பழைய எண்ணில் இப்போது ஷாப்பிங் சேனல் ஓடுகிறது. எண் மாறப்போவதை அந்த எண்ணிலேயே ஒரு வாரம் ஸ்க்ரோலிங்கில் சொல்லியிருந்தால், ஊர்த் துக்கச் செய்தியையும் மின்தடை அறிவிப்பையும் இந்தச் சேனலில் பார்த்துப் பழகிய முதியவர்கள் அது நின்றுபோய்விட்டதென்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

அடுத்தது ஆடித்தபசு. மாலையில் தெற்கு ரத வீதித் தபசுப் பந்தலில் கோமதி அம்மனுக்குச் சங்கரநாராயணர் காட்சி கொடுப்பதையும், இரவில் நடக்கும் இரண்டாம் காட்சியையும் ஆண்டுதோறும் நேரலையாகக் காட்டியது இந்த உள்ளூர்ச் சேனல். கூட்டத்தில் நிற்க முடியாத வயதானவர்களுக்கும், திருவிழா நாளில் கடையை விட்டு நகர முடியாத எங்களைப் போன்றவர்களுக்கும் அதுவே தரிசனம். இந்த ஆண்டு ஸ்லைடுகளில் ‘ஆடித்தபசு நேரலை’ என்று அறிவித்து அதற்கெனத் தனி விளம்பரங்களும் வாங்கிவிட்டு, மாலைக் காட்சி நேரத்தில் மாவட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக அனுப்பப்படும் திரைப்பாடல் தொகுப்பை ஒளிபரப்பினீர்கள். நேரலை ரத்து என்று ஒரு வரிகூட ஓடவில்லை. ஊருக்கே உரிய சேனல் என்று சொல்லி விளம்பரம் கேட்கும் நிறுவனத்துக்கு, அந்த ஊரின் பெருந்திருவிழா எந்த நேரத்தில் நடக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

மேற்படி நெறிமுறைகள் ஒளிபரப்பின் பதிவை 90 நாள்கள் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. என் ஸ்லைடு நின்ற நாள்களின் பதிவும், ஆடித்தபசு அன்றைய பதிவும் இன்னும் அந்தக் காலத்துக்குள்தான் இருக்கின்றன. இந்தப் புகார் முடியும்வரை அவற்றை அழிக்காமல் பாதுகாக்கும்படி இதன் மூலம் கேட்டுக்கொள்கிறேன். விளம்பரம் வந்தது, வரவில்லை என்ற வாதத்துக்கு அதன் பிறகு இடமிராது.

நான் கேட்பது இவ்வளவே. சேனலை இப்போது நடத்தும் நிறுவனம் எது, அது எந்தப் பெயரில் பதிவு செய்யப்பட்டுள்ளது, பழைய நிர்வாகம் வாங்கிய முன்பணங்களை ஏற்பதாகத் தங்கள் விற்பனை ஒப்பந்தத்தில் உள்ளதா என்பதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என் விளம்பரத்தை உடனே மீண்டும் தொடங்கி, விடுபட்ட நாள்களுக்கு ஈடாக ஒப்பந்தக் காலத்தை நீட்டிக்க வேண்டும், அல்லது மீதிக் காலத்துக்கான தொகையைத் திருப்பித் தர வேண்டும். ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த பிறகு விளம்பரத்தைத் தொடங்கினால் எனக்குப் பயனில்லை என்பதால், இரண்டில் எது என்பதை இந்த வாரத்துக்குள் முடிவு செய்யக் கோருகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்ற கடைக்காரர்களும் தங்கள் ரசீதுகளை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

தக்க பதில் கிடைக்காவிட்டால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழுவிடமும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திடமும் முறையிடுவேன். இக்கடிதத்துக்குப் புகார் எண் வழங்கி ஒப்புகை அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்

இணைப்பு: விளம்பரக் கட்டண ரசீது நகல், கேபிள் சந்தா ரசீது நகல்.